எரித்ரோமைசின் எங்கே உட்காருகிறது? ரைபோசோமை வீட்டுக் கணினியில் திறந்து பார்க்கும் வழி

ஓய்வு பெறும்வரை எனக்கு மருத்துவமனை ஆய்வகத்தில் பிளேட் படிக்கும் வேலை. நோயாளியிடமிருந்து வந்த கிருமியை அகார் கூழில் வளர்த்து, மேலே மருந்து வில்லைகளை வைத்து, மறுநாள் காலை வில்லையைச் சுற்றி எவ்வளவு தூரத்துக்குக் கிருமி வளரவில்லை என்று மில்லிமீட்டரில் அளந்து எழுத வேண்டும். மருந்து வேலை செய்ததா இல்லையா என்பது அந்த வட்டத்தில் தெரிந்துவிடும். உள்ளே போய் எதைப் பிடித்தது என்பது தெரியாது. அது புத்தகத்தில் ஒரு வரியாக மட்டும் இருந்தது.

இப்போது அதையும் பார்க்கலாம். சிங்கப்பூர் அங் மோ கியோ வீட்டுச் சாப்பாட்டு மேசையில், பழைய மடிக்கணினியில், காசு கட்டாமல் பார்க்கலாம். தொடக்கக் கல்லூரியில் உயிரியல் எடுத்திருக்கும் அக்கா மகள் 30எஸ்ஸில் இந்த மருந்துகள், 50எஸ்ஸில் அந்த மருந்துகள் என்று ஒரு பட்டியலை நெட்டுருப் போட்டுக்கொண்டிருந்தாள். "மாமா, எல்லாத்துலயும் ரைபோசோமைப் பிடிக்கும்னு போட்டிருக்கு. எதை எதால பிடிக்குது?" என்று கேட்டாள். எரித்ரோமைசின் என்ற பாக்டீரியா எதிர்ப்பு மருந்தில் தொடங்கி, அவளுக்குக் காட்டிய வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

தெரிந்திருக்க வேண்டியது கொஞ்சம்தான். பாக்டீரியாவில் புரதம் தயாராகும் இடம் ரைபோசோம். சிறு பாதி 30எஸ், பெரும்பாதி 50எஸ், இரண்டும் சேர்ந்தால் 70எஸ். சிறு பாதி எம்ஆர்என்ஏவில் உள்ள குறியீட்டைப் படிக்கிறது. பெரும்பாதி அமினோ அமிலங்களை ஒன்றோடொன்று கோக்கிறது. புதிதாகக் கோத்த சங்கிலி பெரும்பாதிக்குள் இருக்கும் ஒரு சுரங்கம் வழியாக வெளியே வருகிறது. முக்கியமான வேலைகளையெல்லாம் செய்வது ஆர்என்ஏ. புரதங்கள் பெரும்பாலும் ஓரங்களில் இருக்கின்றன. அதனால் நாம் பார்க்கப்போகும் மருந்துகள் அனேகமாகப் பிடிப்பதும் ஆர்என்ஏவைத்தான். பெனிசிலின், ஆக்மென்டின் போன்றவற்றை இங்கே தேடாதீர்கள். அவை செல் சுவரைத் தாக்குபவை, அது வேறு கதை.

கோப்பைத் தேர்ந்தெடுப்பது

புரோட்டீன் டேட்டா பேங்க் என்று ஒரு பொதுக் களஞ்சியம் 1971 முதல் இருக்கிறது. பெயரில் புரதம் என்று இருந்தாலும் ஆர்என்ஏ கட்டமைப்புகளும் அங்கேதான் இருக்கின்றன. தேடுபொறியில் ஆர்சிஎஸ்பி என்று அடித்தால் முதலில் வந்து நிற்கும். ஒவ்வொரு கட்டமைப்புக்கும் நான்கு எழுத்து அடையாளம் ஒன்று உண்டு. முதல் கோப்பாக நான் சொல்வது 1ஒய்ஐ2. பெட்டியில் ஆங்கில எழுத்துகளில் அடிக்க வேண்டும்: எண் ஒன்று, ஒய், ஐ, எண் இரண்டு. மூன்றாவதாக வருவது ஐ என்ற எழுத்து. அங்கே ஒன்று என்ற எண்ணைப் போட்டால் கோப்பு வராது.

இது எரித்ரோமைசின் உட்கார்ந்திருக்கும் 50எஸ் பாதி. ஆனால் பாக்டீரியாவுடையது கிடையாது, சாக்கடலில் வாழும் ஹாலோஆர்க்குலா மாரிஸ்மார்ட்டுய் என்ற ஆர்க்கியாவுடையது (பாக்டீரியா மாதிரி ஒற்றைச் செல் உயிர்தான், ஆனால் தனி இனம்). இதை ஏன் எடுத்தேன் என்றால், 70எஸ் முழுவதும் உள்ள கோப்புகள் மிகப் பெரியவை, பழைய கணினி திணறும். இதில் ஒரு பாதி மட்டும் இருக்கிறது, படமும் 2.65 ஆங்ஸ்ட்ராம் பகுதிறனில் இருக்கிறது (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது 0.1 நானோமீட்டர்; பகுதிறன் எண் சிறிதாக இருந்தால் படம் தெளிவு). இன்னொரு காரணமும் உண்டு. இந்த ஆர்க்கியாவின் ஆர்என்ஏவில் எரித்ரோமைசின் பிடிக்கும் இடத்தில் இயல்பாக இருக்கும் எழுத்து ஜி, அதாவது குவானின். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஸ்டைட்ஸ் குழுவினர் அந்த ஒரே எழுத்தை பாக்டீரியாவில் இருப்பதுபோல ஏ, அதாவது அடினின் ஆக்கினார்கள். மருந்து ஒட்டும் வலு பத்தாயிரம் மடங்குக்கும் மேல் கூடியது. அந்த ஆய்வு 2005-இல் வெளியானது. ஆகவே இந்தக் கோப்பைத் திறந்தால் மருந்து இருக்கும் இடம் தெரியும், அதோடு அது ஒட்டுவதற்குக் காரணமான எழுத்தும் கண்முன் இருக்கும்.

எண்களைப் பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் குழப்பம் வரும். ரைபோசோம் ஆய்வுக்காக 2009-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற மூவரும் ஆளுக்கொரு உயிரைப் பிடித்து வேலை செய்தார்கள். ஸ்டைட்ஸ் இந்தச் சாக்கடல் உயிர். அடா யோனத் டைனோகாக்கஸ். நம்ம சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் வெந்நீர் ஊற்றில் வாழும் தெர்மஸ் தெர்மோஃபிலஸ். பாடப்புத்தகங்களோ ஈ.கோலை என்ற பாக்டீரியாவின் எண்களையே சொல்லும். நான் சொன்ன அந்த எழுத்து புத்தகத்தில் ஏ2058, அதாவது 2058-ஆம் இடத்து அடினின்; இந்தக் கோப்பில் அது 2099. ஏ2059 இங்கே 2100. இதை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்தைக் கண்டுபிடிப்பது

கோப்பின் பக்கம் திறந்ததும் படத்தின் கீழே லிகண்ட் இன்டராக்‌ஷன் என்று ஓர் இணைப்பு இருக்கும். அதில் ஈஆர்ஒய் என்ற மூன்றெழுத்தைத் தேர்ந்தெடுங்கள், அதுதான் எரித்ரோமைசின். மக்னீசியம், சோடியம் என்று அயனிகளும் பட்டியலில் நிறைய இருக்கும், அவற்றைத் தொட வேண்டாம். மோல்ஸ்டார் என்ற பார்வைக் கருவி உலாவியிலேயே திறக்கும். எதையும் நிறுவத் தேவையில்லை. சற்றுப் பொறுமை வேண்டும், பல்லாயிரக்கணக்கான அணுக்கள் இறங்க வேண்டுமே. வீட்டுக் கணினி முடியாது என்று அடம்பிடித்தால் நூலகக் கணினியில் பாருங்கள்.

இடது பொத்தானை அழுத்தி இழுத்தால் சுழலும், சக்கரத்தை உருட்டினால் கிட்டே வரும், வலது பொத்தானால் நகர்த்தலாம். முதல் பார்வையில் வண்ண நாடாக்கள் ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக் கிடக்கும். பயப்பட வேண்டாம். மருந்தின் மீது ஒரு முறை சொடுக்கினால் அதற்கு ஐந்து ஆங்ஸ்ட்ராம் தூரத்துக்குள் இருப்பவை மட்டும் குச்சியும் உருண்டையுமாகத் தெரியும், நடுவே புள்ளிக்கோடுகள் தோன்றும். நீலக் கோடு ஹைட்ரஜன் பிணைப்பு. சாம்பல் நிறம் நீர்வெறுக்கும் பகுதிகள் ஒன்றையொன்று ஒட்டி இருப்பது. மஞ்சள் மின்னூட்டக் கவர்ச்சி. ஊதா என்றால் உலோக அயனி.

மருந்தின் வடிவத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். 14 அணுக்கள் கொண்ட பெரிய வளையம், அதில் தொங்கும் இரண்டு சர்க்கரைகள். அவற்றில் நைட்ரஜன் உள்ளது டெசோசமின். சுட்டியை அதன் மேல் வைத்தால் கீழே வலது மூலையில் அணுவின் பெயர் வரும். அந்தச் சர்க்கரை போய்ச் சாய்ந்திருப்பது 2099-இன் மேல். அணு விவரத்தில் இரண்டு எண்கள் தெரியும், சதுர அடைப்புக்குள் ஆத் என்று வருவதுதான் நமக்கு வேண்டியது. பெரிய வளையத்தின் நீர்வெறுக்கும் முகம் சுரங்கச் சுவரில் படிந்திருக்கும்.

தூரத்தை அளந்துவிடுங்கள், பார்ப்பதோடு நிறுத்த வேண்டாம். வலப்பக்கப் பட்டையில் அம்புக்குறிச் சின்னத்தை அழுத்தினால் தேர்வு முறை வரும். மேலே ரெசிடியூ என்று இருப்பதை அணு என்று மாற்றுங்கள். டெசோசமின் சர்க்கரையின் ஹைட்ராக்சில் ஆக்சிஜனைச் சொடுக்குங்கள், பிறகு 2099-இன் என்1 நைட்ரஜனைச் சொடுக்குங்கள். மெஷர்மென்ட்ஸ் பகுதியில் டிஸ்டன்ஸ் கொடுங்கள். 3 ஆங்ஸ்ட்ராம் சுற்றுவட்டத்தில் ஒரு எண் வரும். ஹைட்ரஜன் பிணைப்புக்கு அதுதான் தூரம்.

இனி அந்த அடினினை மட்டும் பாருங்கள். என்1-க்கு ஒரு பக்கம் என்6 என்ற அமினோ தொகுதி, மறுபக்கம் சி2 என்ற கார்பன். சி2-வில் ஹைட்ரஜன் தவிர ஒன்றும் இல்லை. குவானினில் அதே சி2-வில் ஒரு அமினோ தொகுதி நீட்டிக்கொண்டிருக்கும். மருந்து வந்து நெருங்கும்போது அந்த அமினோவைச் சுற்றியுள்ள நீர் விலக வேண்டியிருக்கிறது. அதற்கான ஈடு கிடைப்பதில்லை. நம் செல்களின் திரவத்தில் உள்ள ரைபோசோம்களில் இந்த இடத்தில் இருப்பது ஜி. எரித்ரோமைசினை நாம் விழுங்கியும் நம் புரத உற்பத்தி நின்றுவிடாததற்கு இது ஒரு பெரிய காரணம். மருந்தின் எடை ஏறத்தாழ 734 டால்டன், பாக்டீரிய ரைபோசோமோ 25 லட்சம் டால்டன் அளவில். இந்த அளவு வித்தியாசத்தில் ஒரு அமினோ தொகுதி முடிவு செய்கிறது என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

மருந்து உட்கார்ந்திருப்பது பெப்டைடு பிணைப்பு நடக்கும் மையத்தில் இல்லை, அதற்குச் சற்றுக் கீழே, சுரங்கத்தின் வாயில். படத்தைத் திருப்பிச் சுரங்கத்தின் நீளவாட்டில் பாருங்கள். தொண்டையில் குறுக்கே நிற்கும் மீன்முள் மாதிரி நிற்கும், முழுவதும் அடைத்துவிடாது. கோக்கும் வேலை தொடங்கிவிடும். ஆறிலிருந்து எட்டு அமினோ அமிலம்வரை சங்கிலி வளர்ந்து, பெரும்பாலும் அங்கே இடித்து நின்றுவிடும். சில புரதங்கள் மட்டும் பக்கவாட்டில் நழுவி வெளியே போய்விடுகின்றன. எல்லா உற்பத்தியும் அப்படியே நிற்கும் என்று பழைய புத்தகங்கள் சொன்னதை இதனால் இப்போது திருத்திச் சொல்கிறார்கள்.

எரித்ரோமைசின் நம் பக்கத்து மண் தந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிலிப்பீன்சின் இலோய்லோவில் எடுத்த மண்ணை அபெலார்டோ அகிலார் என்பவர் 1949-இல் எலி லில்லி நிறுவனத்துக்கு அனுப்பினார், அதிலிருந்த நுண்ணுயிர் தயாரித்ததுதான் இது. 1952-இல் விற்பனைக்கு வந்தது.

பிளேட்டில் தெரியும் டி எழுத்து

ஆய்வகத்தில் நாங்கள் செய்த ஒரு சோதனை இந்தப் படத்தோடு நேராகப் பொருந்துகிறது. எரித்ரோமைசினுக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி பரவிய பிளேட்டில் 15 மைக்ரோகிராம் எரித்ரோமைசின் வில்லையும் 2 மைக்ரோகிராம் கிளிண்டாமைசின் வில்லையும் 15 முதல் 26 மில்லிமீட்டர் இடைவெளியில் வைப்போம். மறுநாள் எரித்ரோமைசினைச் சுற்றி வளர்ச்சி இருக்கும், கிளிண்டாமைசினைச் சுற்றி தெளிவான வட்டம் இருக்கும். ஆனால் சில பிளேட்டுகளில் அந்த வட்டம் எரித்ரோமைசின் பக்கம் தட்டையாக, ஆங்கில டி எழுத்தாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் கிளிண்டாமைசின் வேலை செய்யாது என்று எழுதி அனுப்புவோம். தனியாக வைத்தால் நன்றாக வேலை செய்வதுபோலக் காட்டும் மருந்தை!

காரணம் நீங்கள் இப்போது பார்த்துக்கொண்டிருக்கும் என்6. எர்ம் என்ற நொதி ஏ2058-இன் அந்த நைட்ரஜனில் இரண்டு மெத்தில் தொகுதிகளை ஒட்டிவிடுகிறது. இடம் நெருக்கமாகிவிடுகிறது, பிணைப்பும் கெடுகிறது. கிளிண்டாமைசினும் அதே அடினினைச் சார்ந்து நிற்பதால் அதுவும் போய்விடுகிறது. இந்த நொதியைக் கிருமி எப்போதும் தயாரித்து வைத்திருப்பதில்லை. நொதியின் எம்ஆர்என்ஏ தொடக்கத்தில் ஒரு குட்டிப் பெப்டைடுக்கான குறியீடு இருக்கிறது. எரித்ரோமைசின் உட்கார்ந்த ரைபோசோம் அதைக் கோக்கும்போது குறிப்பிட்ட இடத்தில் நின்றுவிடும். அது நின்றால் ஆர்என்ஏவின் மடிப்பு மாறி, நொதியின் தொடக்கம் வெளிப்படும். அதாவது மருந்து பிடித்த ரைபோசோமே எச்சரிக்கை மணியாகிவிடுகிறது. எரித்ரோமைசின் பரவிய பக்கத்தில் மட்டும் கிளிண்டாமைசின் வட்டம் வெட்டுப்படுவது இதனால்தான். எரித்ரோமைசினை ரைபோசோமிலிருந்து தள்ளிவிடும் எம்எஸ்ஆர் மரபணு உள்ள கிருமியில் டி வராது, அங்கே கிளிண்டாமைசினைத் தைரியமாக எழுதலாம்.

அப்புறம் சிறு பாதி

அடுத்த கோப்பு 1எஃப்ஜேஜி. ராமகிருஷ்ணன் குழு 2000-இல் வெளியிட்டது, தெர்மஸ் 30எஸ். ஒரே கோப்பில் மூன்று மருந்துகள் இருக்கின்றன: எஸ்ஆர்ஒய் ஸ்ட்ரெப்டோமைசின், எஸ்சிஎம் ஸ்பெக்டினோமைசின், பிஏஆர் பரோமோமைசின். எண்களும் இதில் ஈ.கோலை எண்களே, மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

பரோமோமைசினில் நேரம் செலவழியுங்கள், மற்ற இரண்டையும் பிறகு பார்க்கலாம். அதன் முதல் வளையம் ஜி1491-இன் மேல் படுத்து, ஏ1408-ஐ ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்திருக்கும். அருகே ஏ1492, ஏ1493 என்ற இரண்டு அடினின்கள் சுருளிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இன்னொரு தாவலில் மருந்தில்லாத 1ஜே5ஈ கோப்பைத் திறந்து அதே இரண்டையும் தேடுங்கள். அங்கே அவை சுருளுக்குள் மடங்கிக் கிடக்கும். அமினோ அமிலத்தைச் சுமந்து வரும் டிஆர்என்ஏ சரியானதா என்று தொட்டுப் பார்ப்பவை இந்த இரண்டும்தான். சரியான ஜோடி சேர்ந்தால் மட்டும் வெளியே வர வேண்டியவை. பரோமோமைசின் அவற்றை முன்கூட்டியே வெளியே தள்ளி வைக்கிறது. தவறான டிஆர்என்ஏவும் தேறிவிடுகிறது, கிருமி குப்பைப் புரதங்களைத் தயாரிக்கிறது.

நம் ரைபோசோமில் 1408-ஆம் இடத்தில் ஜி இருக்கிறது, ஆகவே செல் திரவத்தில் இந்த வகை மருந்துகள் அவ்வளவாக ஒட்டுவதில்லை. ஆனால் மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனி ரைபோசோம் உண்டு. அதன் 12எஸ் ஆர்என்ஏவில் 1555-ஆம் இடத்தில் ஏ-வுக்குப் பதில் ஜி வாய்த்தவர்களுக்கு அந்த மூலை பாக்டீரியாவின் சாயலைப் பெற்றுவிடுகிறது. அப்படிப்பட்டவர்களுக்கு இதே வகையைச் சேர்ந்த ஜென்டாமைசின் போன்ற மருந்து கொடுத்தால் காது கேட்காமல் போகும் ஆபத்து மிக அதிகம். தாய்வழியாக வரும் மாற்றம் இது.

டெட்ராசைக்ளினுக்கு 1எச்என்டபிள்யூ, மூன்றெழுத்து டிஏசி. பகுதிறன் 3.4 ஆங்ஸ்ட்ராம், முந்தையவற்றைவிட மங்கல். 34-ஆம் சுருளுக்கும் 31-ஆம் சுருளுக்கும் நடுவே, 1054-க்கு அருகில் இருப்பதுதான் முக்கிய இடம். மருந்தின் ஆக்சிஜன் வரிசை ஒரு மக்னீசியம் அயனி வழியாக ஆர்என்ஏவின் பாஸ்பேட்டைப் பிடிக்கிறது, வரவேண்டிய டிஆர்என்ஏவுக்கு இடமில்லாமல் செய்கிறது. உலோகத்தைப் பிடிக்கும் இதே ஆக்சிஜன்கள்தான் வயிற்றில் பாலிலுள்ள கால்சியத்தையும் இரும்புச் சத்து மாத்திரையையும் பிடித்துக்கொள்கின்றன. டெட்ராசைக்ளினை தே தாரிக் என்ற பால் தேநீரோடு விழுங்காதே என்று மருந்தாளர் சொல்வதற்கு வேதியியல் இதுதான். ஸ்ட்ரெப்டோமைசினும் ஸ்பெக்டினோமைசினும் நீங்களே தேடக்கூடியவை. முன்னதில் எஸ்12 என்ற புரதம் எங்கே தொடுகிறது என்று பாருங்கள். காசநோய்க் கிருமியில் அந்தப் புரதத்தின் 43-ஆவது அமினோ அமிலம் மாறினால் ஸ்ட்ரெப்டோமைசின் பலிக்காது.

படத்தை எவ்வளவு நம்பலாம்

3 ஆங்ஸ்ட்ராம் பகுதிறன் என்றால் ஹைட்ரஜன் அணுக்கள் தெரியவே தெரியாது. நீலக் கோடுகள் மென்பொருள் தூரத்தையும் கோணத்தையும் வைத்து ஊகித்தவை. நீர் மூலக்கூறுகளும் பல கோப்புகளில் விட்டுப்போயிருக்கும், அது சின்ன விஷயம் கிடையாது. 2021-இல் சிகாகோவில் மான்கின், பொலிகனோவ் குழுக்கள் மெத்தில் ஒட்டிய ரைபோசோமின் கட்டமைப்பை வெளியிட்டார்கள். டெசோசமினையும் ரைபோசோமையும் இணைக்கும் ஒரு நீர் மூலக்கூறு அங்கே முக்கியம் என்றும், மெத்தில்கள் வந்ததும் அது நிற்க வேண்டிய இடம் கெடுகிறது என்றும் அதில் தெரிந்தது. ஆகவே கோடு இல்லாத இடத்தில் தொடர்பே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். கோப்பின் பக்கத்தில் வேலிடேஷன் என்று ஓர் அறிக்கை இருக்கும். மருந்து எவ்வளவு தெளிவாகத் தெரிந்தது என்று அதில் பார்த்துவிட்டுப் பேசுவது நல்லது.

கை பழகியதும் அசித்ரோமைசினை இரண்டு கோப்புகளில் ஒப்பிடுங்கள். 1ஒய்எச்க்யூ-வில் 2099 ஏ, 1எம்1கே-வில் அதே இடத்தில் இயற்கையான ஜி. மருந்தின் மூன்றெழுத்து முதல் கோப்பில் இசட்ஐடி. இரண்டிலும் அது கிட்டத்தட்ட ஒரே நிலையில்தான் கிடக்கிறது; ஆகவே ஒட்டும் வலு குறைவதற்கான காரணத்தை நிலையில் தேடாமல், 1எம்1கே-வில் குவானினின் என்2 அணுவைச் சொடுக்கி, மருந்தின் வளையத்தில் அதற்கு மிக அருகில் உள்ள கார்பன்வரை அளந்து, அந்த நைட்ரஜனுக்குப் பிணைப்புத் துணையாக ஏதாவது அகப்படுகிறதா என்று சுற்றித் தேடிப் பாருங்கள்.